தாலின் வெண்கலச் சிப்பாயைப் பார்க்கப் போகலாமா? மே 9 அன்று அங்கே நிற்கப் போகிறோம்

உவர்மலைக்காரன்

எல்லோருக்கும் வணக்கம். சித்திரைக் கடைசியில் அப்பாவைக் கூட்டிக்கொண்டு ஹெல்சிங்கியில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போகிறேன். அங்கிருந்து கப்பல் ஏறினால் இரண்டு மணித்தியாலத்தில் எஸ்தோனியாவின் தலைநகர் தாலினுக்குப் போய்விடலாம் என்பதால் ஓர் இரவு அங்கே தங்குவதாக இருக்கிறோம். அத்தானின் லீவுக்கு ஏற்றபடி ரிக்கெட் போட்டதில் மே 8, 9 என்று திகதி விழுந்துவிட்டது. மே 9 ரஷ்யர்கள் ஹிட்லரை வென்றதைக் கொண்டாடும் நாள். அதில்தான் வீட்டுக்குள் கதை தொடங்கியிருக்கிறது.

அப்பாவுக்குத் தாலினில் பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான், சோவியத் செஞ்சேனையின் நினைவாக நிறுத்திய அந்த வெண்கலச் சிப்பாய். அவர் பழைய இடதுசாரி. துறைமுகத்தில் வேலை செய்த காலத்துத் தொழிற்சங்கம், மொஸ்கோவில் அச்சாகி வந்த தமிழ்ப் புத்தகங்கள், அதெல்லாம் இன்னும் அலுமாரியில் பத்திரமாக இருக்கின்றன, கரையான் தின்றது போக மிச்சம். ஹிட்லரின் முதுகெலும்பை முறித்தது செஞ்சேனை என்பதில் அவருடன் யாரும் வாதாட முடியாது. போர் அவருக்கு வெறும் புத்தகக் கதையும் இல்லை. 1942 ஏப்ரல் 9 ஜப்பான் விமானங்கள் திருகோணமலையில் குண்டு போட்ட அன்று அப்பப்பா சீனன்குடாப் பக்கம் வேலையில் நின்றவர், அந்தக் கதையைக் கேட்டுத்தான் அப்பா வளர்ந்தார்.

அத்தான் வேண்டவே வேண்டாம் என்கிறார். அவருடன் வேலை செய்யும் எஸ்தோனியப் பெண்ணின் பாட்டியை 1949 இல் சைபீரியாவுக்குப் பிடித்துக்கொண்டு போனார்களாம். நாங்கள் அந்தச் சிலையைப் பார்க்கப் போகிறோம் என்று அத்தான் வாய்தவறிச் சொன்னதும் அவளுடைய முகம் மாறிவிட்டதாம். "மாமா அங்கே பூ வைத்துக்கொண்டு நின்றால் நான் திங்கட்கிழமை அவளின் முகத்தில் எப்படி முழிப்பது" என்று கேட்கிறார். அதுவும் நியாயமாகத்தான் படுகிறது.

போகலாமா? மே 9 அன்றே போகலாமா அல்லது முதல் நாளே பார்த்துவிட்டு வருவது நல்லதா? எங்களைப் போன்ற வெளி ஆட்களுக்கு அங்கே ஏதும் கரைச்சல் வருமா? அப்பாவுக்கு முழங்கால் வருத்தம், கனக்க நடக்க மாட்டார், அதையும் யோசித்துச் சொல்லுங்கள்.

பாலையூற்றுப் பெடியன்

அண்ணா, நான் தாலினில்தான் வேலை செய்கிறேன். தாராளமாகப் போகலாம். ஆனால் முதலில் இதைக் கேளுங்கள், சிப்பாய் இப்போது நகரத்து நடுவில் இல்லை. பழைய படங்களில் ஐயா பார்த்திருக்கக்கூடிய இடம் தோனிஸ்மாகி, பழைய நகரத்துக்கு வெளியே, கார்லி தேவாலயத்துக்கும் தேசிய நூலகத்துக்கும் பக்கத்தில். 2007 ஏப்ரலில் அங்கிருந்து கழற்றிப் படையினர் மயானத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். பழைய இடத்தில் மரமும் பூப்பாத்தியும்தான் இருக்கின்றன, இங்கே ஒரு சிலை இருந்தது என்று யாராவது சொன்னால் ஒழியத் தெரியாது.

ஏன் இவ்வளவு சண்டை என்று விளங்க 1944 செப்டெம்பருக்குப் போக வேண்டும். ஜெர்மன்காரர் பின்வாங்கிக்கொண்டிருந்த அந்த ஓரிரு நாள் இடைவெளியில் எஸ்தோனியர்கள் ஓட்டோ டீஃப் தலைமையில் தங்கள் அரசாங்கத்தை அறிவித்து, பிக் ஹெர்மான் கோபுரத்தில் தங்கள் கொடியை ஏற்றினார்கள். செப்டெம்பர் 22 செஞ்சேனை நகருக்குள் வந்தது. வந்து இறக்கியது ஹிட்லரின் கொடியை இல்லை, எஸ்தோனியாவின் கொடியைத்தான். மூன்று வருடம் கழித்து, அதே செப்டெம்பர் 22 அன்று, தாலினுக்கு விடுதலை தந்தவர்களின் நினைவாக என்று சொல்லி இந்தச் சிலையைத் திறந்தார்கள். அதற்கு முன் அதே இடத்தில் மரத்தாலான ஒரு சின்ன நினைவுச்சின்னம் இருந்தது, 1946 மே மாதம் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த இரண்டு பெண்பிள்ளைகள் அதைக் குண்டு வைத்துத் தகர்த்துவிட்டுச் சிறைமுகாமுக்குப் போனார்கள். ஆக, சிலை வருவதற்கு முன்பே சண்டை வந்துவிட்டது.

மற்றப் பக்கத்தையும் சொல்ல வேண்டும். நாட்டில் ஐந்தில் ஒருவருக்கு மேல் ரஷ்யர்கள், தாலினில் அந்தப் பங்கு இன்னும் கூட. அவர்களில் பலருக்கு அந்தச் சிப்பாய் வீட்டுக்கு உடல்கூட வராத தாத்தா. அந்தக் காலத்தில் மே 9 அன்று தோனிஸ்மாகியில் பூ மலைபோல் குவியும். எஸ்தோனியத் தேசியவாதிகளும் அங்கே கொடியுடன் வரத் தொடங்கி, கைகலப்பு வரை போய், கடைசியில் பிரதமர் அன்ட்ருஸ் அன்சிப்பின் அரசாங்கம் சிலையை அகற்ற முடிவெடுத்தது. 2007 ஏப்ரல் 26 இரவு கலவரம். கடைகள் உடைபட்டன, ஓர் இளைஞன் கொல்லப்பட்டான், ஏறத்தாழ ஆயிரம் பேரைப் பிடித்தார்கள். விடியுமுன் சிலையைத் தூக்கிவிட்டார்கள். அதன் பிறகு வங்கிகள், செய்தித் தளங்கள், அரசாங்கத் தளங்கள் எல்லாவற்றின் மீதும் நாட்கணக்கில் இணையத் தாக்குதல். என் தொழில் கணினி என்பதால் சொல்கிறேன், இன்றைக்கும் இந்தத் துறையில் பாடம் எடுக்கிறவர்கள் அந்த வாரத்தில் இருந்துதான் தொடங்குவார்கள். அடுத்த வருடமே நேட்டோ தன் இணையப் பாதுகாப்பு மையத்தைத் தாலினில் திறந்தது.

இப்போது உங்கள் கேள்வி. மயானம் நகரத்தில் இருந்து தூரம் இல்லை, வெளியூர் பஸ் நிலையத்துக்குக் கிட்டத்தான். டிராமில் அந்தத் தரிப்பில் இறங்கி நடக்கலாம், ஆனால் ஐயாவுக்கு முழங்கால் வருத்தம் என்றால் போல்ட் என்ற வாடகைக் காரைக் கூப்பிடுங்கள், வாசலிலேயே இறக்கிவிடுவான். உள்ளே சமதரை.

மே 9 அன்று ரஷ்யக் குடும்பங்கள் பூவுடன் வருவார்கள், பொலிஸ் நிற்கும், வேறு ஒன்றும் நடக்காது. எங்களைப் போன்றவர்களை யாரும் ஏறிட்டும் பார்ப்பதில்லை. ஆனால் ரஷ்யர்கள் வெற்றியின் அடையாளமாகக் குத்தும் செம்மஞ்சள் கறுப்புக் கோடு போட்ட நாடாவை யாராவது அன்பாக நீட்டினால்கூட வாங்கிச் சட்டையில் குத்த வேண்டாம். யுக்ரேன் போர் தொடங்கியபின் 2022 இல் அதைத் தடை செய்துவிட்டார்கள், ஐயாவுக்கு அபராதம் வரும். அங்கு நிற்கிற கிழவிகளைக் கேட்காமல் படம் எடுக்கவும் வேண்டாம்.

சிலையைப் பற்றி ஒன்று. வெற்றிச் சிலை என்றதும் துப்பாக்கியை உயர்த்திக்கொண்டு நிற்பான் என்று எதிர்பார்த்துத்தான் நான் போனேன். அவன் அப்படி நிற்கவில்லை. தலை குனிந்திருக்கிறது, தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் பிடித்திருக்கிறான், துப்பாக்கி முதுகில் தொங்குகிறது. ஆளுயரத்தைவிடக் கொஞ்சம்தான் பெரிது, அவனுக்குப் பின்னால் கல் சுவர், அவ்வளவுதான். செய்தவர் ஓர் எஸ்தோனியச் சிற்பி, பெயர் என்ன் ரோஸ் (Enn Roos). செத்த கூட்டாளியின் குழிக்குப் பக்கத்தில் நிற்கிறவனைப் போலத்தான் எனக்குப் பட்டது.

சாம்பல்தீவு அக்கா

தம்பி நல்லாகத்தான் எழுதியிருக்கிறீர்கள், ஆனால் சிலையின் முகத்தில் சோகம் இருக்கிறது என்பதற்காக அது நின்ற இடத்தையும் அதை நிறுத்தியவர்களையும் மறக்க என்னால் முடியாது. 1940 ஜூனில் சோவியத் படை உள்ளே வந்தது. 1941 ஜூன் 14 ஒரே மூச்சில் ஏறத்தாழ பத்தாயிரம் பேரைச் சரக்கு வண்டியில் ஏற்றினார்கள். பிறகு ஜெர்மன்காரன் வந்தான், அவனும் கொன்றான், யூதர்களில் தப்பி ஓடாமல் நின்ற ஏறத்தாழ அத்தனை பேரையும் முடித்தான். 1944 இல் திரும்ப இவர்கள் வந்து, 1949 மார்ச்சில் இருபதாயிரத்துக்கு மேல், பெரும்பாலும் பெண்களும் பிள்ளைகளும் வயதானவர்களும். உங்கள் அத்தானுடன் வேலை செய்யும் பிள்ளையின் பாட்டி அந்தக் கணக்கில்தான் வருகிறார்.

2005 மே மாதம் திருகோணமலை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஓர் இரவுக்குள் புத்தர் சிலை வந்தது நினைவிருக்கிறதா? விடிய எழும்பிப் பார்த்தால் இருக்கிறது. ஹர்த்தால், கடையடைப்பு, சிலையைச் சுற்றி முள்ளுக்கம்பி, துவக்கோடு காவல். புத்தர் மீது எங்களுக்கு என்ன கோபம்? இது உன்னுடைய நகரம் இல்லை என்று எங்களுக்குச் சொல்வதற்காக அவரைக் கொண்டுவந்து இருத்தியதுதான் கோபம். எஸ்தோனியர்கள் அந்தச் சிப்பாயை அறுபது வருடம் அப்படித்தான் பார்த்துக்கொண்டு கார்லி தேவாலயத்துக்குப் போய் வந்தார்கள்.

கிளிநொச்சியில் ஷெல் பாய்ந்து வெடித்த கொங்கிறீட் கட்டியும் அதன் உச்சியில் தாமரையும் வைத்து ஒரு வெற்றிச் சின்னம் கட்டியிருக்கிறார்களே, ஒரு வெள்ளைக்காரர் வந்து அதற்குப் பூ வைத்துவிட்டு, நான் பயங்கரவாதத்தை எதிர்த்தவர்களைத்தான் வணங்கினேன் என்றால் எங்களுக்கு எப்படி இருக்கும்? அப்பாவைப் போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. முதலில் வபாமு அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போங்கள், சிலை நின்ற தோனிஸ்மாகிக்குக் கூப்பிடு தூரத்தில்தான் இருக்கிறது. நாடுகடத்தப்பட்டவர்கள் கையோடு கொண்டுபோன பெட்டிகளும் அவர்கள் வாயால் சொன்ன கதைகளும் அங்கே உண்டு. முடிந்தால் கடற்கரையோரம் மார்யமாயே நினைவிடத்துக்கும். அங்கே கறுப்புச் சுவரில் கம்யூனிச ஆட்சியில் உயிரிழந்தவர்களின் 22,000 பெயருக்கு மேல் பொறித்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு மயானத்துக்குப் போகட்டும், எந்தப் பூ வைப்பது என்று அவரே முடிவெடுப்பார். மே 9 மட்டும் வேண்டாம். அந்தக் கூட்டத்தில் நிற்பது இன்றைக்கு, யுக்ரேனில் குண்டு விழுந்துகொண்டிருக்கும்போது, ஒரு பக்கம் சேருவதுதான்.

கிண்ணியா நானா

சகோதரி சொன்ன கிளிநொச்சி உதாரணம் முழுதாகப் பொருந்தாது என்று நினைக்கிறேன். கிளிநொச்சிக் கொங்கிறீட்டுக்குக் கீழே யாரும் புதைக்கப்படவில்லை. அது வெற்றியை மட்டும் சொல்லக் கட்டியது. தோனிஸ்மாகியில் சிலைக்குக் கிட்ட மெய்யாகவே ஆட்கள் கிடந்தார்கள். 2007 இல் தோண்டியபோது பன்னிரண்டு பேரின் எச்சங்கள் கிடைத்தன, அதில் மருத்துவப் பணி செய்த ஒரு பெண்ணும். சிலரின் உறவினர்கள் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்கள், மற்றவர்களைப் படையினர் மயானத்தில் அந்த வருடமே அடக்கம் செய்தார்கள். கல்லறையும் வெற்றிச் சின்னமும் ஒன்றாகக் கட்டப்பட்டதுதான் அந்த இடத்தின் வில்லங்கம். ஒரு கூட்டம் வந்து கல்லறையைப் பார்த்தது, மற்றக் கூட்டம் வெற்றிச் சின்னத்தைப் பார்த்தது, இரண்டு கூட்டமும் பொய் சொல்லவில்லை.

எஸ்தோனியா செய்ததை எங்கள் நாட்டுடன் வைத்துப் பாருங்கள். இரவோடு இரவாகத் தூக்கியது சரியா பிழையா என்று அந்த ஊர்ச் சனம் பேசட்டும். ஆனால் சிலையை உடைக்கவில்லை, உருக்கவில்லை, மூன்று நாளில் மயானத்தில் திரும்ப நிறுத்தினார்கள், சுவரையும் சேர்த்துக் கட்டினார்கள், எலும்பைக் கணக்குப் பார்த்து உரியவர்களிடம் கொடுத்தார்கள். எதிரி என்று நினைத்த படையின் பிணங்களுக்கு. இங்கே புலிகளின் போராளிகளைப் புதைத்த துயிலும் இல்லங்களை புல்டோசர் போட்டு நிரவினார்கள், கோப்பாயில் அதே நிலத்தில் இராணுவ முகாம் கட்டினார்கள். பெற்ற தாய்க்கு ஒரு கல் இல்லை. 2021 ஜனவரியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக முள்ளிவாய்க்கால் தூபியை இரவில் இடித்தார்கள், மாணவர்கள் வாசலில் குந்தி இருந்ததால்தான் திரும்பக் கட்டினார்கள். நான் புலிகளின் ஆதரவாளன் இல்லை, 2006 இல் புலிகள் மூதூருக்குள் புகுந்தபோது அந்த ஊர் முஸ்லிம் சனம் கையில் அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு எங்கள் ஊருக்கு நடந்து வந்ததைக் கண்ணால் கண்டவன். எங்கள் ஆட்களின் பெயரில் எந்தப் படையும் எங்கேயும் ஒரு கல் நட்டதில்லை. ஆனாலும் கல்லறையை உடைப்பது வேறு கணக்கு.

உவர்மலைத் தம்பி, ஐயாவை அங்கே கூட்டிப் போகுமுன் நிலாவெளி வீதியில் உப்புவெளி யுத்த மயானத்துக்கு ஒருக்கால் கூட்டிப் போங்கள். பஸ்ஸில் எத்தனையோ தரம் கடந்திருப்பார், உள்ளே இறங்கியிருக்கிறாரா கேளுங்கள். இரண்டாம் உலகப் போரில் செத்த முந்நூறுக்கு மேற்பட்டவர்கள், பிரித்தானியர், இந்தியர், இன்னும் பல நாட்டவர். அவர்கள் எங்களை ஆண்டவனின் படை, எங்களுக்கு விடுதலை கொடுக்க வந்தவர்கள் இல்லை. இருந்தும் புல் வெட்டி, கல் கழுவி, பெயர் அழியாமல் பார்க்கிறார்கள், பார்க்கிற கைகளும் எங்கள் ஊர்க் கைகள்தான். 1942 ஏப்ரலில் அப்பப்பா தப்பினார் என்றால் தப்பாதவர்களின் கல்லும் அங்கே இருக்கும். அந்த இடத்தில் யாரும் யாருடைய கொடியையும் கேட்பதில்லை. தாலினிலும் அப்படி நின்றுவிட்டு வந்தால் போதும், எந்தத் திகதி என்றாலும்.

பாலையூற்றுப் பெடியன்

நானா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன், இது பலருக்குத் தெரியாது. தாலின் படையினர் மயானத்துக்குள்ளேயே எஸ்தோனியாவின் 1918 முதல் 1920 வரையான சுதந்திரப் போரில் செத்த வீரர்கள் இருக்கிறார்கள். அவர்களின் நினைவுச்சின்னத்தைச் சோவியத் காலத்தில் இடித்து, கல்லறைகளை அழித்து, மேலேயே செஞ்சேனைக்காரர்களைப் புதைத்தார்கள். சுதந்திரம் திரும்பிய பிறகு அதைப் பழையபடி கட்டினார்கள். அதே போரில் எஸ்தோனியாவுக்கு உதவ வந்து செத்த பிரித்தானியக் கடற்படையினரும் அங்கேதான், உப்புவெளியைப் பார்க்கும் அதே பொதுநலவாயப் போர்க் கல்லறை ஆணைக்குழுதான் அந்தக் கற்களையும் பார்க்கிறது. ஆக ஐயா சிப்பாயைப் பார்க்க ஒரு வாசலால் போனால் மற்றவர்களையும் கடந்துதான் வருவார்.

சாம்பல்தீவு அக்கா, நீங்கள் சொன்ன ஒழுங்கு நல்லது, வபாமு முதலில். ஆனால் ஒரு பக்கம் சேருவது என்று அவ்வளவு சுலபமாகச் சொல்ல முடியாது. எஸ்தோனியர்களே இரண்டு படையிலும் இருந்தார்கள், பிடித்துக்கொண்டுபோய்ச் சேர்த்தவர்கள்தான் கனபேர். செஞ்சேனையில் எட்டாவது எஸ்தோனியப் படைப்பிரிவு என்று ஒன்றே இருந்தது, ஜெர்மன் சீருடையிலும் ஆயிரக்கணக்கில் நின்றார்கள். 2004 இல் லிஹுலா என்ற சிற்றூரில் அந்த ஜெர்மன் சீருடைக்காரனுக்கு ஒரு நினைவுக்கல் வைத்தார்கள், அரசாங்கமே பொலிஸோடு போய்த் தூக்கியது, சனம் கல்லெறிந்தது. அந்தக் கோபத்தில்தான் பலர், அப்படியானால் தாலின் நடுவில் நிற்கிறவனை ஏன் விட்டு வைத்திருக்கிறாய் என்று கேட்கத் தொடங்கினார்கள்.

உவர்மலைக்காரன்

எல்லோருக்கும் நன்றி. அப்பாவுக்கு எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். சரக்கு வண்டிக் கதையில் நிறுத்தச் சொல்லிவிட்டு, சைபீரியாவுக்கு அனுப்பியதைப் பற்றி எங்கள் புத்தகங்களில் ஒரு வரி இருக்கவில்லை என்றார். கோபமா, வருத்தமா தெரியவில்லை, அன்றைக்கு வேறு ஒன்றும் கதைக்கவில்லை. அடுத்த நாள் காலை அவராகவே உப்புவெளிக்கு ஓட்டோ பிடிக்கச் சொன்னார், போய் வந்தோம். கற்களில் இருந்த வயதை மட்டும் வாசித்துக்கொண்டு போனார். பெரும்பாலும் இருபதுகள்.

மே 8 காலையில் வபாமு, பின்னேரம் மயானம் என்று முடிவு. 9 ஆம் திகதி மார்யமாயே போய்விட்டுக் கப்பல் ஏறுவோம். அத்தான் வருகிறார், அந்தப் பெண்ணிடமும் இப்படித்தான் போகிறோம் என்று சொல்லிவிட்டாராம், அவள் வபாமுவில் எந்த மாடியில் நாடுகடத்தல் பகுதி இருக்கிறது என்று எழுதிக் கொடுத்திருக்கிறாள்.

அப்பா சிப்பாய்க்கும் பூ வைப்பாராம், மற்றவர்களுக்கும் வைப்பாராம். அதில் விட்டுக்கொடுக்கிற மாதிரி இல்லை. பூ எங்கே வாங்கலாம் தம்பி? இலங்கைக் கடவுச்சீட்டுக்கு எஸ்தோனியாவில் வேறு விசா கேட்பார்களா?

பாலையூற்றுப் பெடியன்

விசா கேட்க மாட்டார்கள் அண்ணா, பின்லாந்து கொடுத்த ஷெங்கன் விசாவே போதும், ஆனால் கப்பலில் கடவுச்சீட்டைக் கையோடு வைத்திருங்கள், சிலவேளை இறங்குகிற இடத்தில் பார்ப்பார்கள்.

பூ பழைய நகரத்தின் விரு வாசலில் வரிசையாகக் கடை போட்டு விற்பார்கள். சிவப்பு கார்னேஷன் கேளுங்கள், மயானத்துக்கு எல்லோரும் அதைத்தான் கொண்டு போவார்கள். இங்கே உயிருள்ளவருக்கு ஒற்றை எண்ணிக்கை, இறந்தவருக்கு இரட்டை எண்ணிக்கை, ரஷ்யர் எஸ்தோனியர் இரண்டு பேருக்கும் அதே வழக்கம். ஆகவே ஓரிடத்துக்கு இரண்டு படி வாங்கச் சொல்லுங்கள். சிப்பாய்க்கு இரண்டு, சுதந்திரப் போர்க்காரருக்கு இரண்டு, மார்யமாயே சுவருக்கு இரண்டு. கடைசி இரண்டை அடுத்த நாள் காலையில் வாங்கினால் வாடாது. 8 ஆம் திகதி பின்னேரம் எனக்கு வேலை நாலு மணிக்கு முடியும், மயான வாசலில் நிற்கிறேன், ஐயாவைக் கையில் பிடித்துக் கூட்டிப் போகலாம்.